அழகில்லாத எஞ்சின் ஆயிரக்கணக்கில் விற்ற கதை



மளிகைக் கடைக்காரரிடம் ரயில் எஞ்சினைப் பற்றிப் பேசினால், "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பது இயற்கை. நாம் எஞ்சின் வாங்கப் போவதில்லை, விற்கப் போவதுமில்லை. ஆனால் நேற்று வந்தவனின் சரக்கு ஏன் ஓடுகிறது, மூன்று தலைமுறையாகப் பெயர் பெற்ற கடையின் சரக்கு ஏன் தேங்குகிறது என்ற கேள்வி நம் எல்லோருக்கும் பொதுவானது. பெரிய அங்காடிகளும் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் ஆன்லைன் கம்பெனிகளும் நம் வாடிக்கையாளரைக் குறிவைத்திருக்கும் இந்நாளில், அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட நமக்கு நேரமில்லை.

அதற்கு நல்ல பாடமாக அமைவது அமெரிக்காவின் ஜி.பி. வரிசை டீசல் ரயில் எஞ்சின்கள். 1949-ல் வந்த ஜி.பி.7, 1954-ல் வந்த ஜி.பி.9 ஆகிய இரண்டு வகைகளிலுமாகச் சேர்த்து ஏறக்குறைய 7,000 எஞ்சின்கள் விற்றன. நூறாண்டுப் பெயருடன் விளங்கிய எஞ்சின் கம்பெனிகள் அதே காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை மூடின. ஏன் இப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அளவெடுத்துத் தைத்த காலம்

1930-கள் வரை அமெரிக்காவில் ரயில் என்றால் கரி எஞ்சின்தான். அங்கே ரயில் பாதைகள் அரசுடையவை அல்ல. பல தனியார் கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. அவற்றுக்கு எஞ்சின் கட்டிக் கொடுத்த பெரிய நிறுவனங்கள் மூன்று. பிலடெல்பியாவில் பால்ட்வின், ஸ்கெனெக்டடியில் ஆல்கோ, ஒஹையோ மாநிலத்தில் லைமா. இவற்றுள் பால்ட்வின் 1831-ல் தொடங்கியது. தன் ஆயுளில் 70,000-க்கும் மேற்பட்ட எஞ்சின்களைக் கட்டியது.

இவர்கள் வியாபாரம் செய்த முறை தையற்கடை முறை. ஒரு ரயில் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் வருவார். "எங்கள் பாதையில் மலை ஏற்றம் இவ்வளவு, எங்களுக்குக் கிடைக்கும் கரி இந்தத் தரம், எங்கள் பாலம் தாங்கும் எடை இவ்வளவு" என்று சொல்வார். அதற்கேற்ப வரைபடம் போட்டு, பத்தோ இருபதோ எஞ்சின்கள் கட்டிக் கொடுப்பார்கள். அடுத்த கம்பெனிக்கு வேறு அளவு, வேறு வடிவம்.

கேட்பதற்கு இது உயர்ந்த சேவையாகத் தோன்றும். வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி செய்து தருவது தர்மம்தானே! ஆனால் எஞ்சின் பழுதானால் என்ன ஆகும்? ஒருவர் எஞ்சினின் பாகம் இன்னொருவர் எஞ்சினுக்குப் பொருந்தாது. தயாரித்தவரிடமும் உதிரி பாகம் இருப்பில் இருக்காது. ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தானே பெரிய பட்டறை வைத்து, வார்ப்படம் வார்த்து, கடைசல் பிடித்துப் பாகம் செய்துகொள்ள வேண்டும். போதாததற்குக் கரி எஞ்சினுக்குத் தினப்படி பராமரிப்பு அதிகம். சாம்பல் அள்ள வேண்டும், வழியெல்லாம் தண்ணீர் பிடிக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது பாய்லரைத் திறந்து கழுவ வேண்டும். முதல் போட்டு வாங்கிய எஞ்சின் ஓடிச் சம்பாதிக்கும் நேரத்தைவிட ஷெட்டில் நிற்கும் நேரமே அதிகம் என்ற நிலை பல இடங்களில் இருந்தது.

இந்தக் குறையைப் பழைய கம்பெனிகள் குறையாகவே பார்க்கவில்லை. எல்லோருடைய எஞ்சினும் அப்படித்தானே!

புதிய கடைக்காரர்

1922-ல் கிளீவ்லாந்து நகரில் ஹெரால்டு ஹாமில்டன் என்பவர் எலெக்ட்ரோ மோட்டிவ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ரயிலில் வேலை பார்த்துவிட்டு, பின்னர் மோட்டார் லாரி விற்பனையில் இருந்தவர் அவர். கம்பெனிக்கு ஆரம்பத்தில் சொந்தத் தொழிற்சாலையே கிடையாது. கிளைப் பாதைகளில் ஓடும் பெட்ரோல் ரயில் கார்களை வடிவமைப்பார்கள். பெட்டியை ஒருவரிடமும் எஞ்சினை இன்னொருவரிடமும் வாங்கிச் சேர்த்து விற்பார்கள். லாரி வியாபாரத்தில் அவர் கற்ற ஒன்றை ரயிலுக்குக் கொண்டுவந்தார். விற்றதோடு வேலை முடியவில்லை. வாங்கியவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, பாகம் கொடுத்து, வண்டியைத் தொடர்ந்து ஓட வைப்பதுதான் வேலை என்பதே அது.

1930-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் கம்பெனியையும், அதற்கு எஞ்சின் கொடுத்து வந்த வின்டன் கம்பெனியையும் விலைக்கு வாங்கியது. 1930-களின் நடுவில் சிகாகோ அருகே லா கிரேஞ்சில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1941 முதல் எலெக்ட்ரோ மோட்டிவ் பிரிவு, சுருக்கமாக இ.எம்.டி., என்று பெயர் மாறியது.

1938-ல் அவர்கள் 567 என்ற டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், அதுவே பெயராயிற்று. மறு ஆண்டு, அந்த எஞ்சினை வைத்து எஃப்.டி. என்ற குட்ஸ் எஞ்சினைக் கட்டினார்கள். நான்கு பகுதிகள் சேர்ந்தது அது. மொத்தம் 5,400 குதிரைத் திறன். 103 என்ற எண் தாங்கிய அந்த மாதிரி எஞ்சினை விற்பனைக்கு முன்னால் நாடு முழுவதும் ஓட்டிக் காட்டினார்கள். 1939 கடைசியில் புறப்பட்டு 11 மாதங்களில் 20 ரயில் கம்பெனிகளின் பாதைகளில், 35 மாநிலங்களில், 83,764 மைல் ஓடியது. பனியிலும் ஓடியது, பாலைவனத்திலும் ஓடியது. வாங்குகிறவரின் சொந்தப் பாதையில், அவருடைய சொந்தச் சரக்கை இழுத்துக் காட்டினார்கள்.

சான்டா ஃபே ரயில் கம்பெனி முதலில் வாங்க முன்வந்தது. அதன் பாதை தென்மேற்குப் பாலைவனத்தின் வழியே செல்கிறது. கரி எஞ்சினுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே கிடைக்காது. டேங்கர் வண்டிகளில் தண்ணீரைச் சுமந்து செல்ல வேண்டும். டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த வாடிக்கையாளருக்கு வலி அதிகமோ அவர்தான் புதிய சரக்கை முதலில் வாங்குவார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம் என்று பங்கிட்டது. பெரிய பாதைகளுக்கான டீசல் குட்ஸ் எஞ்சின் கட்டும் வாய்ப்பு இ.எம்.டி.க்கே கிடைத்தது. ஆகவே அதிர்ஷ்டமும் துணை நின்றது. ஆனால் அதிர்ஷ்டம் வந்தபோது கடையில் சரக்குத் தயாராக இருந்தது.

எஞ்சின் வேலை செய்யும் விதம்

டீசல் ரயில் எஞ்சினில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. டீசல் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். அதில் உண்டாகும் மின்சாரம் சக்கர அச்சுகளில் பொருத்திய மோட்டார்களுக்குப் போகும். ஜி.பி.7-ல் நான்கு அச்சுகள்; அச்சுக்கு ஒரு மோட்டார். நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுத்துக் கிளம்ப இந்த ஏற்பாடு மிகவும் தோது. டிரைவரின் கைப்பிடிக்கு எட்டுப் படிகள். படி கூடக் கூட எஞ்சினின் வேகமும் சக்தியும் கூடும்.

இதில் இன்னொரு வசதி இருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு எஞ்சின்களை ஒன்றாகக் கோத்து, கேபிள் மூலம் இணைத்துவிட்டால், முன்னால் இருக்கும் ஒரே டிரைவர் எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியால் ஓட்டலாம். கரி எஞ்சினில் அது முடியாது; இரண்டு எஞ்சின் போட்டால் இரண்டு குழுவுக்குச் சம்பளம். இதனால் ரயில் கம்பெனிக்குப் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று பலவகை எஞ்சின்கள் தேவையில்லாமல் போயின. ஒரே வகையை வைத்துக்கொண்டு, சிறிய வண்டிக்கு ஒன்று, பெரிய வண்டிக்கு நான்கு என்று சேர்த்துக்கொள்ளலாம். அரைக் கிலோ பாக்கெட்டைப் போட்டு வைத்துவிட்டு, இரண்டு கிலோ கேட்பவருக்கு நான்கு பாக்கெட்டாகக் கொடுப்பது போலத்தான்.

அழகை விட்டுக் காரியத்தைப் பிடித்தார்கள்

போருக்குப் பின் இ.எம்.டி. விற்ற எஃப்.3, எஃப்.7 எஞ்சின்கள் பார்க்க மிக லட்சணமானவை. வளைந்த மூக்கு, வழவழப்பான உடல், பளிச்சென்ற வர்ணம். பெரிய பாதைகளில் நீண்ட தூரம் ஓடுவதற்கு அவை பொருத்தமாக இருந்தன. ஆனால் ரயில் வேலை என்பது நீண்ட ஓட்டம் மட்டுமல்ல. கிளைப் பாதையில் போய், வழியிலுள்ள ஆலைகளிலும் கிட்டங்கிகளிலும் இரண்டு வாகன் விட்டு, மூன்று வாகன் எடுத்து, முன்னும் பின்னும் போய்வர வேண்டும். எஃப்.7-ல் டிரைவர் பின்னால் பார்க்க முடியாது. ஷண்டிங் ஆள் தொற்றி நிற்க நல்ல இடமில்லை. உடலே பாரம் தாங்கும் சட்டமாக இருந்ததால், உள்ளே பழுது பார்க்கவும் நெருக்கடி.

இந்த வேலைக்கு ஏற்ற எஞ்சினை முதலில் கண்டவர் போட்டியாளரான ஆல்கோ. 1941-லேயே ஆர்.எஸ்.1 என்ற எஞ்சினை வெளியிட்டார்கள். பாரத்தை அடிச்சட்டம் தாங்கும். எஞ்சின்மேல் குறுகலான மூடி. இருபுறமும் நடைபாதை. டிரைவர் அறையிலிருந்து முன்னும் பின்னும் பார்க்கலாம்.

இ.எம்.டி. இதைக் கண்டு, தன் அழகையும் விடாமல் ஒரு சமரசம் செய்து பார்த்தது. 1948-ல் வந்த பி.எல்.2 அதுதான். பின்பக்கம் பார்க்க உடலைச் சரித்துக் குடைந்தார்கள். ஆனால் பழைய உடற்கூட்டை விடவில்லை. கட்டவும் சிரமம், பழுது பார்க்கவும் சிரமம். முதல் மாதிரியையும் சேர்த்து 59 எஞ்சின்களோடு அது நின்றுபோயிற்று.

அப்போது தலைமைப் பொறியாளராக இருந்தவர் டிக் டில்வொர்த். அவர் எடுத்த முடிவு வணிகர்கள் நினைவில் வைக்கத் தக்கது. தலைமை அலுவலகத்தின் பக்கம் நிறுத்திவைக்க எந்தக் கம்பெனியும் விரும்பாத அளவுக்கு அவலட்சணமாக ஓர் எஞ்சின் செய்வோம். அப்போதுதான் அதைத் தூரத்துக் கிளைப் பாதைகளுக்கு அனுப்பி உருப்படியான வேலை வாங்குவார்கள் என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1949 அக்டோபரில் ஜி.பி.7 வெளிவந்தது. ஜி.பி. என்றால் பொதுப் பயன் என்று பொருள். ரயில்காரர்கள் செல்லமாக 'ஜீப்' என்று அழைத்தார்கள்.

இதில் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறது என்றால், உள்ளிருந்த சரக்கு புதிதல்ல. எஃப்.7-ல் இருந்த அதே 16 சிலிண்டர் 567 எஞ்சின், அதே 1,500 குதிரைத் திறன், அதே ஜெனரேட்டர், அதே மோட்டார், அதே சக்கரக் கூடு. வெளியமைப்பு மட்டும் புதிது. நீளமான அடிச்சட்டம், அதன்மேல் எஞ்சினை மூடும் தகரக் கூண்டு, இருபுறமும் கைப்பிடிக் கம்பியுடன் நடைபாதை. கூண்டின் பக்கவாட்டில் வரிசையாகக் கதவுகள். மெக்கானிக் நடைபாதையில் நின்றபடியே வேண்டிய கதவைத் திறந்து வேலை பார்க்கலாம். வாங்கிய கம்பெனி ஏற்கெனவே எஃப்.7 வைத்திருந்தால், புதிய உதிரி பாகம் இருப்பு வைக்க வேண்டியதில்லை; தொழிலாளிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு இடமே இல்லையா என்றால், இருந்தது. மலைப்பாதைக்காரர்கள் மோட்டாரையே பிரேக்காக மாற்றும் டைனமிக் பிரேக் கேட்கலாம். பயணிகள் வண்டி இழுப்பவர்கள் பெட்டிகளைச் சூடாக்க நீராவிக் கருவி கேட்கலாம். எண்ணெய்த் தொட்டி பெரிதாக வேண்டும் என்றால், காற்றுத் தொட்டிகளைத் தூக்கிக் கூரைமேல் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அடிப்படை ஒன்றுதான். மேலே வைப்பதில் மட்டும் தெரிவு. தையற்கடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1954 வரை 2,700-க்கும் மேற்பட்ட ஜி.பி.7 விற்றன. அதைத் தொடர்ந்து 1,750 குதிரைத் திறனுடன் ஜி.பி.9 வந்து, 4,000-க்கும் மேல் விற்றது.

விற்ற பிறகு நடந்த வியாபாரம்

நாம் கடைக்கு எடை மெஷினோ, குளிர்பதனப் பெட்டியோ வாங்கும்போது என்ன கேட்கிறோம்? விலை கேட்கிறோம், அடுத்த கேள்வி, "ரிப்பேர் ஆனால் யார் வருவார்? பார்ட்ஸ் கிடைக்குமா?" என்பதுதான். வாங்குகிறவராக நாம் நன்றாக அறிந்த இதை, விற்கிறவராக அடிக்கடி மறந்துவிடுகிறோம். இ.எம்.டி. மறக்கவில்லை.

முதலாவது, உதிரி பாகங்களை இருப்பில் வைத்து உடனுக்குடன் அனுப்பினார்கள். இரண்டாவது, மாற்று முறை. தேய்ந்த மோட்டாரைக் கொடுத்தால், புதுப்பித்து வைத்த மோட்டாரைக் கொடுத்து அனுப்புவார்கள். ரிப்பேர் முடியும்வரை எஞ்சின் காத்து நிற்க வேண்டியதில்லை. மூன்றாவது, டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். நான்காவது, பழைய எஞ்சினைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதியதற்கு விலையில் கழித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் வந்த ஜி.பி.30 போன்ற எஞ்சின்களில், திரும்ப வந்த பழைய எஞ்சின்களின் சக்கரக் கூடுகளும் மற்ற பாகங்களும் புதுப்பித்துப் பொருத்தப்பட்டன.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். எஞ்சினை மேம்படுத்தும்போது, பழைய வாடிக்கையாளரைக் கைவிடவில்லை. 567-ன் முந்தைய வடிவத்தில் சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஒழுகி எண்ணெயில் கலக்கும் தொல்லை இருந்தது. ஜி.பி.9-ல் வந்த 567 சி வடிவத்தில் தண்ணீர் செல்லும் வழியை மாற்றி அதைச் சரி செய்தார்கள். அந்தத் திருத்தத்தைப் பழைய எஞ்சின்களிலும் செய்துகொள்ள வழி இருந்தது. 1960-களின் நடுவில் 645 என்ற பெரிய எஞ்சின் வந்தபோது, அதன் சிலிண்டர் தொகுப்பு 567 சி உடலுக்குள்ளும் பொருந்தும்படி இருந்தது. பத்து வருடத்துக்கு முன் வாங்கியவன் ஏமாந்தவன் ஆகவில்லை.

வாடிக்கையாளரிடமிருந்து கற்றுக்கொள்ளவும் தயங்கவில்லை. யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி தன் ஜி.பி.9 எஞ்சின்கள் சிலவற்றில் தானே டர்போசார்ஜர் பொருத்திச் சக்தியைக் கூட்டிப் பார்த்தது. அதன்பின் 1959-ல் இ.எம்.டி. டர்போசார்ஜருடன் ஜி.பி.20-ஐ வெளியிட்டது.

இவற்றின் பலனாக இந்த எஞ்சின்களின் ஆயுள் நீண்டது. இல்லினாய் சென்ட்ரல் கம்பெனி கென்டக்கி மாநிலத்துப் படூகா பட்டறையில் பழைய ஜி.பி.7, ஜி.பி.9 எஞ்சின்களை நூற்றுக்கணக்கில் புதுப்பித்தது. பெரிய கம்பெனிகள் கழித்த பிறகும், சிறிய ரயில் கம்பெனிகள் வாங்கி ஓட்டின. கட்டி ஐம்பது ஆண்டு கடந்த பின்னும் உழைத்தவை ஏராளம்.

போட்டியாளர்கள் எங்கே தவறினார்கள்?

பால்ட்வினும் டீசல் எஞ்சின் கட்டியது. இழுக்கும் வலுவில் அதற்கு நல்ல பெயர். ஆனால் அதன் எஞ்சின்களில் நீண்ட காலம் கட்டுப்பாடு காற்றழுத்தத்தால் நடந்தது. மற்றவர்கள் மின்சாரக் கட்டுப்பாடு வைத்தார்கள். அதனால் பால்ட்வின் எஞ்சினை மற்ற எஞ்சின்களோடு கோத்து ஒரே டிரைவர் ஓட்ட முடியவில்லை. சரக்கு நன்று, ஊரோடு ஒட்டவில்லை. 1956-ல் பால்ட்வின் ரயில் எஞ்சின் தொழிலை விட்டது. லைமா அதற்கு முன்பே பால்ட்வினோடு இணைந்து மறைந்துவிட்டது.

ஃபேர்பாங்க்ஸ் மோர்ஸ் என்ற கம்பெனி, நீர்மூழ்கிக் கப்பல்களில் பெயர் வாங்கிய எஞ்சினை ரயிலுக்குக் கொண்டுவந்தது. ஒரு சிலிண்டருக்குள் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள். மேலே ஒரு கிராங்க் ஷாஃப்ட், கீழே ஒன்று. சக்தி மிகுந்தது. ஆனால் பிஸ்டனைப் பார்க்க வேண்டுமென்றால் மேல் ஷாஃப்டையே தூக்க வேண்டும். 567-ல் பழுதான சிலிண்டரை மட்டும் தனியே கழற்றி மாற்றிவிடலாம். வாங்கியவனின் பட்டறையில் எது எளிது என்பதே தீர்ப்பாயிற்று. அந்தக் கம்பெனி 1963-ல் ரயில் எஞ்சின் கட்டுவதை நிறுத்தியது.

ஆல்கோவின் கதை வருத்தமானது. ஜி.பி.7 போன்ற எஞ்சினை முதலில் கண்டவர்கள் அவர்கள். ஆனால் போர் முடிந்ததும் சந்தையைப் பிடிக்கும் அவசரத்தில், 244 என்ற எஞ்சினைப் போதிய சோதனை இல்லாமல் வெளியிட்டார்கள். கிராங்க் ஷாஃப்ட் முறிந்தது. டர்போசார்ஜர் தொல்லை கொடுத்தது. 1950-களில் 251 என்ற அருமையான எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் வாடிக்கையாளர் கை மாறிவிட்டார். அவர்களுக்கு மின்சாரப் பகுதிகளைக் கொடுத்து வந்த கூட்டாளியான ஜெனரல் எலெக்ட்ரிக் தானே எஞ்சின் விற்க இறங்கியது. 1969-ல் ஆல்கோ மூடியது.

அந்த 251-க்கு நம் நாட்டில் இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. 1962 முதல் ஆல்கோவின் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்தன. 1964 முதல் ஆல்கோவின் தொழில்நுட்பத்துடன் வாரணாசியிலேயே அவற்றைக் கட்டத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு மீட்டர் கேஜ் பாதைகளில் நாம் பார்த்துப் பழகிய ஒய்.டி.எம்.4 எஞ்சினும் அதே குடும்பம்தான். ஜி.பி.9-ன் உறவுக்காரரும் நம் பக்கத்தில் உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இலங்கைக்கு வந்து, கனடா மாகாணங்களின் பெயர் தாங்கி ஓடிய எம்.2 எஞ்சின்களில் இருந்தது 12 சிலிண்டர் 567 சி.

மாற மறுத்தவரும் மாறினார்

நார்ஃபோக் அன்டு வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனியின் முக்கிய வருமானம் கரி ஏற்றுவதில். தன் வாடிக்கையாளரின் சரக்கான கரியை எரித்தே வண்டி ஓட்டுவோம் என்று உறுதியாக இருந்தது. ரோனோக்கில் இருந்த சொந்தப் பட்டறையில் 1953 வரை கரி எஞ்சின் கட்டியது. அவை உலகத் தரமானவை. எனினும், நாடு முழுவதும் டீசலுக்கு மாறியதும், கரி எஞ்சினுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் செய்து கொடுத்தவர்கள் தொழிலை விட்டுவிட்டார்கள். தன் எஞ்சின் நல்லதாக இருந்தும், அதற்கு வேண்டிய சாமான் கிடைப்பது அரிதாயிற்று. அந்தக் கம்பெனியும் ஜி.பி.9 எஞ்சின்களை வாங்கிக் குவித்து, 1960-ல் கரி எஞ்சினுக்கு விடை கொடுத்தது. ஒரு சரக்கின் காலம் முடிவது நம் கடையில் மட்டும் தெரிவதில்லை. நமக்குக் கொடுப்பவரின் கிட்டங்கியில் முதலில் தெரியும்.

நாணயத்தின் மறுபக்கம்

வெற்றிக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்களுக்கும், பாய்லர் வேலைக்காரர்களுக்கும், அவர்களை நம்பியிருந்த ரயில் ஊர்களின் கடைக்காரர்களுக்கும் இந்த மாற்றம் பெரும் அடி. டீசலில் கரி அள்ளும் வேலையே இல்லை. 1963-ல், சட்டத்தின் மூலம் அமைந்த நடுவர் குழு குட்ஸ் வண்டிகளிலும் ஷண்டிங்கிலும் 90 சதவீத ஃபயர்மேன் இடங்களை நீக்கலாம் என்று தீர்ப்பளித்தது. லாபக் கணக்கின் ஒரு பக்கத்தில் சேமிப்பு, மறுபக்கத்தில் குடும்பங்கள்.

இன்னொன்று, பெரிய கையின் பலம். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் விற்பவர் மட்டுமல்ல. கார்களையும் பாகங்களையும் ரயிலில் அனுப்பும் மாபெரும் சரக்கு வாடிக்கையாளரும்கூட. "எங்கள் எஞ்சினை வாங்கினால்தான் எங்கள் சரக்கு உங்கள் வழியே வரும்" என்ற நெருக்குதல் இருந்ததாகக் குற்றஞ்சாட்டி, 1961-ல் அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. குற்றம் நிரூபணமாகவில்லை; வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே பெரிய கையாக இருந்தால் என்ன சந்தேகம் எழும் என்பதைச் சிறு வணிகர்களாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வென்றவரும் நிரந்தரமாக வெல்லவில்லை. 1980-களின் தொடக்கத்தில் இ.எம்.டி. சக்தியைக் கூட்டும் அவசரத்தில் வெளியிட்ட எஸ்.டி.50 எஞ்சின்கள் பழுதுக்குப் பெயர் வாங்கின. ஆல்கோ செய்த அதே தவறு! அந்தச் சமயத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் முன்னேறி முதலிடம் பிடித்தது. 2005-ல் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் பிரிவை விற்றுவிட்டது. 2010-ல் அது கேட்டர்பில்லர் குழுமத்தின் கைக்குப் போயிற்று.

பாடச் சுருக்கம்

1. வாடிக்கையாளர் வாங்குவது சரக்கை அல்ல. அது தினமும் செய்து தரும் காரியத்தை. ரயில் கம்பெனிக்கு வேண்டியது நிற்காமல் ஓடும் எஞ்சின். இல்லத்தரசிக்கு வேண்டியது போன மாதம் வாங்கிய அதே பருப்பு, அதே தரத்தில், கேட்ட நாளில்.

2. வகையைக் குறைத்து இருப்பை ஆழமாக்குங்கள். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல். பதினான்கு வகைச் சோப்பு அடுக்கி, கேட்டதில் பாதி இல்லை என்று சொல்வதைவிட, ஓடும் ஆறு வகையை எப்போதும் வைத்திருப்பது நன்று. அடிப்படையை ஒன்றாக வைத்து, மேலே மட்டும் தெரிவு கொடுங்கள்.

3. விற்ற பின்பும் பொறுப்பு உண்டு. வண்டு விழுந்த அரிசியை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பதுதான் நம்முடைய மாற்று முறை. பெரிய அங்காடியால் எளிதில் செய்ய முடியாத சேவையும் அதுவே.

4. போட்டியாளர் நல்லது செய்தால் கற்றுக்கொள்ளுங்கள். இ.எம்.டி. ஆல்கோவைப் பார்த்துக் கற்றது. பி.எல்.2 போல அரைமனதாகக் கற்றால் பயனில்லை.

5. சோதிக்காத சரக்கை அவசரப்பட்டு வாடிக்கையாளர் தலையில் கட்டாதீர்கள். இழந்த நம்பிக்கையை அடுத்த நல்ல சரக்கு உடனே மீட்டுத் தராது.

6. கொடுப்பவரைக் கவனியுங்கள். மொத்த வியாபாரி ஒரு சரக்கைக் குறைத்து எடுக்கத் தொடங்கினால் காரணம் கேளுங்கள்.

வீட்டுப்பாடம்

இன்றிரவு கல்லாவை எண்ணி முடித்ததும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் "இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய சரக்குகள் எவை என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில், மூன்று மாதமாகத் தூசி தட்டி வைத்திருக்கும் சரக்குகளை எழுதுங்கள். இரண்டாவது பட்டியலில் முடங்கிய முதல், முதல் பட்டியலை இருப்பு வைக்கப் போதுமா என்று கணக்குப் போடுங்கள். பெரும்பாலான கடைகளில் போதும் என்பதே நமது கணிப்பு. போதுமென்றால் வரும் மாதக் கொள்முதலிலேயே மாற்றத்தைத் தொடங்கலாம். அலமாரி பார்க்கக் கொஞ்சம் எளிமையாகிவிடும்தான். ஆனால் வாடிக்கையாளர் வெறுங்கையுடன் திரும்ப மாட்டார்.